பாஸ் மீனுக்கான தூண்டில் செட் பொல்கொடவுக்குச் சரிவருமா?

பாஸ் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து அதே செட்டை வாங்கி பொல்கொட ஏரியில் கொடுவா மீனுக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சரிவரும், ரீலின் அளவையும் லீடரையும் (நூலின் நுனியில் கட்டும் தடித்த நூல் துண்டு) மட்டும் மாற்றுங்கள்.

தடி 7 அடி, சற்று விறைப்பான மீடியம் ஹெவி, நுனி மட்டும் வளைகிற ஃபாஸ்ட் ஆக்‌ஷன். ரப்பர் புழுவுக்குள் கொக்கியின் முனையை மறைத்து வைக்கும் டெக்சாஸ் ரிக்கில், நீங்கள் இழுக்கும்போது கொக்கி முதலில் ரப்பரைக் கிழித்து அப்புறம்தான் மீனின் வாயில் ஏற வேண்டும், தொளதொளத்த தடியில் அந்த வேகம் கிடைக்காது. பாசியும் செடியும் மண்டிய இடத்தில் இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை.

ரீல், புதியவர் என்றால் தடிக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் வகைதான். பாஸுக்கு 2500 அளவு போதும், கொடுவாவுக்கு 3000 அல்லது 4000. 20 ராத்தல் இழுவை தாங்கும் பிரெய்ட் (பின்னல்) நூல் போட்டு, நுனியில் 30, 40 ராத்தல் லீடர் கட்டாயம் கட்டுங்கள், கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும்.

ரப்பர் இரையில் எனக்குப் பிடித்தது 4 அங்குல துடுப்புவால் மீன், 10 கிராம் ஜிக் ஹெட்டில் (தலையில் எடை வைத்த கொக்கி). கலங்கிய நீருக்குக் கடும் நிறம், தெளிந்த நீருக்கு வெளிர் நிறம். வெவ்வேறு வகை ரப்பரை ஒரே பெட்டியில் போடாதீர்கள், சில வகைகள் ஒன்றையொன்று உருக்கிவிடும்.

பொல்கொட பாணந்துறையில் கடலோடு சேர்வதால் நீரில் உப்பு இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள்.