பத்து ரூபாய்க் காசு செல்லாதா?

கேள்வி: மேலப்பாளையத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் 640 பத்து ரூபாய்க் காசு சேர்ந்துவிட்டது. டவுனில் சரக்கு எடுக்கும் மொத்தக்கடையில் கொடுத்தால், "ரிசர்வ் பேங்கே செல்லாதுன்னு சொல்லிட்டு" என்று திருப்பித் தள்ளுகிறார்கள். புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம் அண்ணாச்சி. ஆனால் சட்டம் பாதிதான் உங்கள் பக்கம்.

முதலில் அந்த வதந்தியைப் பார்ப்போம். காசைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கே கிடையாது. நோட்டு, 1934ஆம் வருட ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் கீழ் வருவது. காசு, 2011ஆம் வருட நாணயச் சட்டத்தின் கீழ் வருவது. காசை அடிப்பது மத்திய அரசு, புழக்கத்தில் விடுவதுதான் ரிசர்வ் வங்கி. நூறு ரூபாய் நோட்டில் ஆளுநர் கையெழுத்தும் 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகமும் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும், உறுதிமொழி இருக்காது. சட்டத்தின் கண்ணில் அதுவும் காசுதான்! 25 பைசாவை 2011 ஜூன் 30 முதல் நிறுத்தியதும் மத்திய அரசின் அறிவிப்புதான்.

பத்து ரூபாய்க் காசுக்கு அப்படி எந்த அறிவிப்பும் வரவில்லை. ரூபாய்க் குறியீடு உள்ளது, இல்லாதது என்று 14 வடிவங்கள் இருப்பதாகவும் எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. குறியீடே 2011இல்தான் காசில் ஏறியது. அதற்கு முந்தைய காசைப் பார்த்துத்தான் டீக்கடையில் கள்ளக்காசு என்று முகம் சுளிக்கிறார்கள்.

இனி மொத்தக்கடைக்காரர் பக்கம். நாணயச் சட்டம் 6ஆம் பிரிவுப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள காசுகள் ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும். நீங்கள் 6,400 ரூபாயையும் காசாகவே கொட்டினால் நூறு காசுக்கு மேல் வாங்க மாட்டேன் என்று அவர் சொல்லலாம். நூறுக்குள் கொடுத்தும் மறுத்தால் தப்பு அவருடையது. அதற்கென்று தனித் தண்டனைப் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. காசை மறுத்தால் 124ஏ பிரிவில் வழக்கு என்று வாட்ஸப்பில் சுற்றியதே, அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவு; அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதை விட வங்கிக்குப் போவதே மேல். கணக்கில் போடுவதற்கு அந்த ஆயிரம் ரூபாய் வரம்பு கிடையாது. நூறு நூறாக எண்ணி பாலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போங்கள். கேஷியருக்கும் எரிச்சல் வராது. கிளையில் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

அப்புறம், கல்லா மூலையில் 50 பைசா கிடந்தால் இதில் கலக்க வேண்டாம், தனியாகக் கட்டுங்கள். அது இன்றும் செல்லும், ஆனால் கடையில் பத்து ரூபாய் வரைக்கும்தான்.