அமெரிக்காவில் சட்டப்படி தங்குவதற்கான ஆவணமற்ற இளைஞர்கள், நாடுகடத்தப்படும் ஆபத்து இருந்தும் ஏன் தங்கள் நிலையை வெளிப்படையாகச் சொல்கிறார்கள்?

ஒளித்து வாழ்வது அவ்வளவு பாரம் என்பதால்தான்.

இவர்களில் பலர் சிறுவயதிலேயே பெற்றோருடன் வந்தவர்கள். 1982-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் பள்ளிப் படிப்புக்குத் தடையில்லை. சிக்கல் பதினாறு, பதினேழு வயதில் வரும். நண்பர்கள் ஓட்டுநர் உரிமம் வாங்கக் கிளம்புவார்கள். கல்லூரி நிதியுதவிப் படிவம் சமூகப் பாதுகாப்பு எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கேட்கும். சில வீடுகளில் அன்றைக்குத்தான் அம்மா விஷயத்தையே சொல்வார். அப்புறம் எதற்கெடுத்தாலும் சாக்கு: "எனக்கு கார் ஓட்டப் பிடிக்காது", "வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு வீட்டில் விடமாட்டார்கள்". நெருங்கிய தோழியிடமும் இதே பொய்தான்.

2010 மார்ச்சில் சிகாகோவில் சில இளைஞர்கள் பொது இடத்தில் நின்று, தங்களுக்கு ஆவணமில்லை, பயமுமில்லை என்று அறிவித்தார்கள். அதில் துணிச்சலோடு கணக்கும் இருந்தது: நாலு பேருக்குத் தெரிந்தவரைச் சத்தமில்லாமல் நாடுகடத்துவது கடினம். எல்லை தாண்டிப் பறக்கும் மோனார்க் வண்ணத்துப்பூச்சி அவர்கள் சுவரொட்டிகளில் இடம்பிடித்தது.

சிறுவயதில் வந்தவர்களை நாடுகடத்துவதைத் தள்ளிவைக்கும் டாகா (DACA) திட்டம் 2012-ல் வந்தது; தகுதியுள்ளவர்களுக்கு இரண்டாண்டு வேலை அனுமதியும் தந்தது. புதுப்பிக்கலாம், ஆனால் குடியுரிமைக்கு வழியில்லை. பெற்றோருக்கு அதுவும் கிடையாது. அதனால்தான் தன் கதையைத் தயங்காமல் சொல்பவர்கள்கூட அப்பா வேலை செய்யும் இடத்தைச் சொல்லத் தயங்குவார்கள்.