பொடியில் குறையா, மீட்டரில் குறையா?

கேள்வி: டெர்பியம் கலந்த கடோலினியம் ஆக்ஸிசல்பைடு பொடி தயாரித்து, பழைய கால்சியம் டங்ஸ்டேட் எக்ஸ்ரே ஸ்க்ரீனோடு ஒப்பிட்டேன். ஃபோட்டோமல்டிப்ளையரில் (மங்கலான வெளிச்சத்தையும் அளக்கும் குழாய்) ஸ்க்ரீனுக்கு 100 என்றால் என் பொடிக்கு 90தான் வருகிறது. எக்ஸ்ரேயை வெளிச்சமாக்குவதில் மூன்று மடங்கு திறன் என்று படித்தேனே, எங்கே தவறினேன்?

பதில்: பொடியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். எனக்குச் சந்தேகம் மீட்டர் மேல்தான்.

டங்ஸ்டேட்டின் வெளிச்சம் நீலம், உச்சம் 420 நானோமீட்டர் பக்கம். உங்கள் பொடியினுடையது பச்சை, 545. ஆய்வகங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் பைஆல்கலி வகை ஃபோட்டோமல்டிப்ளையர் நீலத்தில் நூறு ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால் சுமார் 25ஐ எண்ணும். பச்சையில் ஏழு எண்ணினாலே பெரிது. உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 0.9ஐ 25ஆல் பெருக்கி 7ஆல் வகுத்தால் 3.2. ஃபோட்டான் எண்ணிக்கையில் உங்கள் பொடிதான் மூன்று மடங்கு! ஆனால் பச்சை ஃபோட்டானின் ஆற்றல் 2.27 எலக்ட்ரான்வோல்ட், நீலத்துக்கு 2.95. அதையும் சேர்த்தால் ஆற்றல் கணக்கில் இரண்டரை மடங்கு. இந்த 25, 7 எல்லாம் தோராயம். உங்கள் குழாயின் அட்டவணையை எடுத்து, நிறமாலை முழுவதற்கும் போடுங்கள். டெர்பியம் குறைவாகக் கலந்திருந்தால் பொடியிலும் நீலக் கோடுகள் எழும், அப்போது கணக்கு மாறும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. மாதிரிக்கும் குழாய்க்கும் நடுவில் கறுப்புத் தாளை வையுங்கள். வெளிச்சம் நின்றுவிடும், எக்ஸ்ரே நிற்காது. அப்போதும் மீட்டரில் ஏதாவது காட்டினால், அது குழாயின் கண்ணாடியை எக்ஸ்ரே நேரடியாகத் தாக்குவதால் வருவது. கழித்துவிடுங்கள். அதைவிட நல்லது, 45 பாகையில் ஒரு பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்து வெளிச்சத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பி, குழாயை ஈயத்துக்குப் பின்னால் ஒளித்துவைப்பது.

இரண்டு மாதிரியும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரே மில்லிகிராம்தானா? மெல்லிய பூச்சில் எக்ஸ்ரே ஊடுருவிப் போய்விடும். தடித்ததில் உள்ளே பிறந்த வெளிச்சம் வெளியே வராது. அதனால் எந்தப் பக்கத்திலிருந்து அளந்தீர்கள் என்பதும் முக்கியம். எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தத்தையும் குறித்துவையுங்கள். கடோலினியத்தின் கே விளிம்பு (எக்ஸ்ரேயை விழுங்குவது திடீரென்று எகிறும் ஆற்றல்) 50.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட், டங்ஸ்டனுடையது 69.5. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எக்ஸ்ரேயை உங்கள் பொடி நன்றாக விழுங்கும், டங்ஸ்டேட் அவ்வளவு விழுங்காது. 40 கிலோவோல்ட்டில் அளந்துவிட்டு 80க்குரிய முடிவைச் சொல்ல முடியாது.

ஒப்பீடு போதாது, சதவீதமே வேண்டும் என்றால் வேலை கூடும். மாதிரி இருக்கும் இடத்தில் அயனி அறை வைத்து விழும் எக்ஸ்ரேயை அளக்க வேண்டும். வெளிச்சத்தை ஒருங்கிணைக்கும் கோளத்தில் எல்லாத் திசையிலிருந்தும் திரட்ட வேண்டும். கிடைக்கும் எண்ணில் மூன்று விஷயங்கள் பெருக்கலாகப் பின்னிக் கிடக்கும்: எவ்வளவு உறிஞ்சப்பட்டது, அதில் எவ்வளவு ஒளியானது, அந்த ஒளியில் எவ்வளவு வெளியே வந்தது. டங்ஸ்டேட்டுக்கு ஏறக்குறைய 5, உங்கள் பொருளுக்கு 15 சதவீதம் என்று நீங்கள் படித்தது நடுவில் உள்ளது மட்டும். உங்கள் மீட்டர் காட்டுவது மூன்றையும் சேர்த்து.

ஒன்று விட்டுப்போனது. ஸ்க்ரீன் பழையது என்கிறீர்கள். மேற்பூச்சு மஞ்சளாகிப் போயிருந்தால் நீலத்தை அதுவே தின்றுவிடும். ஸ்க்ரீனின் அந்த 100ஏ குறைவாக வந்த எண்ணாக இருக்கலாம். வெள்ளைத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.