ரோமானிய எல்லைப்புறத்தில் நடக்கும் நகைச்சுவைத் துப்பறியும் நாவல்களில் உண்மையான சரித்திரம் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. "கொலை, கிண்டல், பீர் என்று போகிறது. இதைப் படித்து என்ன சரித்திரம் தெரியப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாரோ உங்கள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, அட்டையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். என் வீட்டில் அப்படிச் செய்தவர் என் அப்பா.

நான் வரலாற்று ஆராய்ச்சியாளர் இல்லை, செவிலியர். வட இங்கிலாந்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். இரவுப் பணியின் இடைவேளையில் இந்த வகை நாவல்களைப் படிக்க ஆரம்பித்தேன். முகாம் மருத்துவமனை வருகிறது, காயம் கட்டுகிறார்கள், மருந்து தீர்ந்துபோகிறது, மேலதிகாரி பொய்க் கணக்கு எழுதுகிறார். என் வேலையை ஒருவர் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் கொண்டுபோய் வைத்து எழுதியது போல இருந்தது. தொலைபேசியில் அப்பாவிடம் ஆசையாகச் சொன்னேன். "ரோமாபுரி வரலாற்றைக் கேலிக்கூத்தாக்கி விற்கிறார்கள், நீயும் காசு கொடுத்து வாங்குகிறாய்" என்றார். இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

சென்ற ஆண்டு மே மாதம் அவர் இங்கே வந்தபோது, வேறெங்கும் அழைத்துப்போகும் முன்னால், ரோமானியர் பிரிட்டனில் தங்கள் வட எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குத்தான் அழைத்துப்போனேன். அந்தப் பாதையில் ஓடும் பஸ்ஸின் எண்ணே ஏ.டி. 122. பேரரசர் ஹேட்ரியன் சுவரைக் கட்டத் தொடங்கிய ஆண்டு அது. கடலிலிருந்து கடல் வரை சுமார் 117 கிலோமீட்டர். அப்பாவுக்கு அந்த பஸ் எண் மிகவும் பிடித்துவிட்டது, டிக்கெட்டைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் விண்டோலாண்டாவில் இறங்கினோம். சுவருக்குச் சற்றுத் தெற்கே, சுவருக்கும் முந்தைய கோட்டை. 1973-இல் அங்கே தோண்டியபோது காற்றுப் புகாத ஈரமண்ணுக்குள்ளிருந்து மரச்சீவல்கள் வந்தன. அஞ்சலட்டை அளவு, ஓரிரு மில்லிமீட்டர் கனம், மேலே மையால் எழுதிய லத்தீன். வெறும் கண்ணுக்கு அழுக்குக் கோடுகள் போலத்தான் தெரிகின்றன. அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்துத்தான் பெரும்பாலானவற்றைப் படித்திருக்கிறார்கள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். ஒருவருக்குக் காலுறையும் செருப்பும் இரண்டு உள்ளாடைகளும் அனுப்பியிருப்பதாக ஒரு கடிதம். மாஸ்குலுஸ் என்ற அதிகாரி, தன் ஆட்களிடம் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள் என்று தளபதியைக் கேட்கிறார். ஆக்டேவியஸ் என்பவர் தானியத்துக்கு முன்பணம் கொடுத்து மாட்டிக்கொண்டு, பணம் அனுப்பாவிட்டால் கொடுத்ததும் போய் மானமும் போகும் என்று புலம்புகிறார். தோலை எடுத்துவர ஏன் போகவில்லை என்றால் சாலை மோசமாம். நாவலில் வருகிற வேடிக்கையெல்லாம் எழுதுகிறவர் கற்பனையில் ஒட்டவைத்த சரக்கு என்று நினைப்பவர்கள் இந்தக் கடிதங்களை ஒரு முறை படிக்க வேண்டும். எல்லைப்புறத்து வாழ்க்கையே இந்தத் தொனியில்தான் தன்னை எழுதிவைத்திருக்கிறது.

அப்பாவை அசைத்தது வேறொரு சீவல். அதன் படத்தைக் காட்டி நான்தான் படித்துச் சொன்னேன். முதலாம் துங்க்ரியப் படைப்பிரிவின் (இன்றைய பெல்ஜியப் பக்கத்திலிருந்து திரட்டிய ரோமானியப் படை) ஆள் கணக்கு. கி.பி. 90-களில் ஒரு மே 18-ஆம் தேதி எழுதியது. பெயருக்கு 752 பேர். அதில் 456 பேர் வெளியே. 337 பேர் கோரியாவில், அதாவது இன்றைய கோர்பிரிட்ஜில். 46 பேர் ஆளுநரின் காவலுக்கு. கோட்டையில் இருப்பது 296 பேர்தான். அதிலும் நோயாளி 15, காயம்பட்டவர் 6, கண்ணில் பீளை கட்டியவர் 10. மிச்சம் வேலைக்கு ஆகிறவர்கள் 265.

அந்தப் பத்துப் பேரைத் தனியாக எழுதியிருக்கிறார்கள், பாருங்கள். நோயாளி என்று பொதுவாகப் போட்டுவிட்டுப் போகவில்லை. ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கிற கூட்டத்தில் மெட்ராஸ் ஐ வந்தால் என்னவாகும் என்று தெரிந்த யாரோ ஒருவர் அந்த வரியைத் தனியாகப் போட்டிருக்கிறார். அதைப் படித்த நிமிடம் அவர் என் சக ஊழியராகிவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 752 என்று எழுதிவைத்து 265 பேரை நிறுத்துகிற கணக்கு எனக்குப் புதிதல்ல. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் பணிப் பட்டியலில் எட்டுப் பேர் இருப்போம், வார்டில் நிற்பது ஐந்து பேர். தங்கையின் வளைகாப்புக்கு மூன்று மாதம் முன்பே விடுப்பு கேட்டு, கொடுத்தும் விட்டார்கள். புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது ஆள் இல்லை என்று ரத்து செய்தார்கள். விமான டிக்கெட் பணம் போனது, வளைகாப்பும் போனது. மன்னிப்பு என்று ஒரு வரி வரவில்லை. விண்டோலாண்டாவில் விடுப்பு விண்ணப்பங்களும் பல கிடைத்திருக்கின்றன. "ஐயா, விடுப்பு அளிக்கத் தகுந்தவனாக என்னைக் கருதும்படி வேண்டுகிறேன்" என்று தளபதி கெரியாலிஸுக்குச் சிப்பாய்கள் எழுதியவை. அந்த வாசகத்தின் முன்னால் நான் வெகு நேரம் நின்றேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லலாம். எனக்கு இருக்கிறது.

அடுத்து ஹவுஸ்டெட்ஸ் கோட்டைக்குப் போனோம். கோட்டைக்கு வெளியே பொதுமக்கள் குடியிருப்பின் அடித்தளங்கள் புல்லுக்கு நடுவே கல் வரிசைகளாகத் தெரிகின்றன. அதில் ஒன்றைக் 'கொலை வீடு' என்றே சொல்கிறார்கள். 1930-களில் அகழ்ந்தபோது, அந்த வீட்டின் களிமண் தரைக்கு அடியில் இரண்டு எலும்புக்கூடுகள் இருந்தன. ஒன்றின் விலா எலும்புகளுக்கு நடுவே கத்தியின் முனை. குடியிருக்கும் இடத்தில் பிணம் புதைப்பது ரோமானியச் சட்டப்படி குற்றம். ஆக, யாரோ குத்தி, தரையைத் தோண்டி மறைத்து, மேலே களிமண் பூசி மெழுகி, பிறகு அந்த வீட்டில் புழங்கியும் இருக்கிறார்கள். அப்பா அந்தக் கல் வரிசைக்குள் இறங்கவே இல்லை. ஓரமாக நின்று, "கண்டுபிடிக்க யாரும் வரவில்லையா?" என்று கேட்டார். அப்பா, அந்தக் கேள்வியில்தான் இந்த நாவல்கள் எல்லாம் பிறக்கின்றன என்றேன்.

"ரோமானியர் காலத்தில் ஏது துப்பறிவாளர்?" என்று இங்கே ஒருவர் கட்டாயம் வருவார். சரிதான், அப்படி ஒரு பதவி கிடையாது. காவல் வேலையையும் படையே பார்த்தது. லுகுவாலியத்தில், இன்றைய கார்லைலில், வட்டாரப் பொறுப்பு நூற்றுவர் தலைவராக அன்னியஸ் எக்வெஸ்டர் என்பவர் இருந்ததாக ஒரு சீவலே சொல்கிறது. ஆனால் நியாயம் கேட்டு அலைந்த மனிதர்கள் இருந்தார்கள். தடியால் ரத்தம் வர அடிபட்ட ஒருவர் மனு எழுதியிருக்கிறார். தளபதிக்கு உடல்நலமில்லை, அதற்குக் கீழே உள்ளவர்களிடம் முறையிட்டும் பயனில்லை, நான் கடல் கடந்து வந்தவன், குற்றமற்றவன் என்கிறார். "மாட்சிமை" என்று விளித்திருப்பதால் அது ஹேட்ரியனுக்கே எழுதியதாக இருக்கலாம் என்கிறார்கள். நாவலாசிரியர் செய்வதெல்லாம் இந்த மனிதர் தட்டிய கதவுகளில் ஒன்றையாவது திறந்துவிடுவதுதான். அதைக் கேலிக்கூத்து என்று என்னால் சொல்ல முடியாது.

எல்லா நாவலும் ஒழுங்கு என்று நான் வாதாடவில்லை. ஏழாவது பக்கத்திலேயே தூக்கிப் போட்டவையும் உண்டு. பாத்திரங்கள் இன்றைய லண்டன்காரர்கள் போலப் பேசுகிறார்கள் என்ற புகாரை மட்டும் நான் ஏற்கவில்லை. அவர்கள் பேசியது லத்தீனும் அவரவர் ஊர்ப் பேச்சும். செந்தமிழோ பழைய ஆங்கிலமோ போட்டு எழுதினாலும் அதுவும் நம் கற்பனைதான்.

கடைசி நாள் நியூகாசிலில் கிரேட் நார்த் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஹவுஸ்டெட்ஸில் கிடைத்த ஒரு கல்லறைக் கல் அங்கே இருக்கிறது. மேலே ஒரு முயல் செதுக்கியிருக்கிறது. கீழே, அனிக்கியஸ் இன்ஜெனுவஸ், முதலாம் துங்க்ரியப் படைப்பிரிவின் மருத்துவர், வாழ்ந்தது 25 ஆண்டுகள் என்று இருக்கிறது. பத்துப் பேருக்குக் கண்ணில் பீளை கட்டியிருந்ததே, அதே படைப்பிரிவு. பிற்காலத்தில் அவர்கள் ஹவுஸ்டெட்ஸில் இருந்தபோது அவர்களைப் பார்த்துக்கொண்ட பையன் இவன். நான் வேலைக்குச் சேர்ந்த வயதில் செத்துப்போயிருக்கிறான். அப்பா எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டு, "மருத்துவர் வருகிற அந்த நாவலை எடுத்து வை, விமானத்தில் படிக்கிறேன்" என்றார்.

நீங்கள் தொடங்கும்போது பக்கத்தில் பிரிட்டனின் வரைபடம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர்கள் லத்தீனில் வரும். தேவா என்றால் செஸ்டர், எபோராகம் என்றால் யார்க், லோண்டினியம் என்றால் லண்டன். இவை பிடிபடாமல்தான் பலர் முதல் அத்தியாயத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் மறுபடி யாராவது கேட்டால், அந்த ஆள் கணக்கைச் சொல்லுங்கள். 752, 296, 265.