பனியாறு எங்கே முடிகிறது?

ஐயா, வணக்கம். நான் குடியாத்தம் பக்கம். மகள் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தாள். இப்போது பிஎச்டி சேர்ந்திருக்கிறாள். பனியாறுகள் உருகுவதால் துருவக் கரையோரக் கடலில் இருக்கிற உயிர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் தலைப்பாம். 'கடலே இல்லாத ஜில்லாவிலிருந்து பனிக்கடலுக்கா?' என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அது போகட்டும், சந்தேகம் எனக்கும் இருக்கிறது. 2021இல் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது எங்கள் கிணறெல்லாம் ஊறியது. பனி உருகிக் கடலுக்கு நல்ல தண்ணீர் போவதில் மட்டும் என்ன கெடுதல்? கெடுதல் என்று ஏற்கெனவே தெரியுமானால், ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

சொந்தக்காரர்கள் எதற்குத்தான் சிரிக்கவில்லை! ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளில் நம் நாட்டுக்கு ஹிமாத்ரி என்ற ஆய்வு நிலையமே 2008 முதல் இருக்கிறது. அதன் எதிரே கிடக்கும் காங்ஸ்ஃபியோர்டன் கடற்கழியில் 2014இல் நம்மவர்கள் கருவிகளை இறக்கி, தண்ணீரின் வெப்பத்தையும் உப்பையும் அளந்து வருகிறார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 'கெடுதல்' என்று ஒரே வார்த்தையில் முடிகிற விஷயமாக இருந்தால் உங்கள் மகளுக்கு அங்கே வேலையே இல்லை. பனியாற்றின் முனை எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகிவிடும்.

முனை கடலுக்குள் இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உருகிய நீர் பனிக்கு அடியிலேயே ஓடி, கடலின் ஆழத்தில் வெளியே வருகிறது. நன்னீர் லேசானது, அதனால் விறுவிறுவென்று மேலே ஏறும். ஏறும்போது தன்னைவிடப் பல மடங்கு ஆழ்கடல் நீரையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த நீரில் பாசிக்கு உரமான நைட்ரேட் நிறைய. வெயில் படும் மேல்மட்டத்துக்கு அது வந்து சேர்ந்ததும், சற்றுத் தள்ளி நுண்பாசிகள் கோடையிலும் செழிக்கின்றன. பனிச்சுவர் ஓரத்திலேயே, அடியிலிருந்து மேலே தள்ளப்பட்ட சிற்றுயிர்களைத் தின்ன கிட்டிவேக் பறவைகள் மொய்க்கின்றன. ஆக, உருகுவதால் லாபமும் உண்டு.

அதே பனியாறு பின்வாங்கிப் பின்வாங்கித் தரைமேல் ஏறிவிட்டதென்றால்? உருகிய நீர் ஓடையாக வந்து கடலின் மேற்பரப்பில் விரிந்துகொள்ளும். கீழே உள்ள உப்புநீரோடு எளிதில் கலக்காது, ஆழத்துச் சத்தும் மேலே வராது. போதாக்குறைக்கு, பாறையை அரைத்த மாவு போன்ற வண்டல் வேறு. வெளிச்சம் உள்ளே இறங்காது. கிரீன்லாந்தில் இந்த இரண்டு வகைக் கழிகளையும் ஒப்பிட்டவர்கள், தரையில் முடியும் பனியாறுகளின் கழிகளில் நுண்பாசி விளைச்சல் குறைவு என்று கண்டிருக்கிறார்கள்.

அண்டார்டிகா பக்கம் கிங் ஜார்ஜ் தீவில் பாட்டர் கோவ் என்று ஒரு சிறு குடா. அங்கே பனியாறு பின்வாங்கியதும் புதுப் பாறை வெளியே வந்தது, அதில் கடற்பாசிகள் குடியேறின. ஆனால் அடித்தரையில் ஒட்டிக்கொண்டு நீரை வடிகட்டிச் சாப்பிடும் அசிடியன்கள் வண்டல் பெருகப் பெருகக் குறைந்துபோயின. ஒரே குடாவில் ஒன்றுக்கு வாழ்வு, மற்றொன்றுக்குச் சாவு.

மகள் செய்யப்போகும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். துருவப் பயணம் சில வாரம்தான், கிடைத்தால். மற்ற நாளெல்லாம் லேப். கடல்நீரைப் பம்பு வைத்து ஒரு சின்ன வட்ட வடிதாள் வழியாக இழுப்பார்கள். நல்ல நீரென்றால் தாளில் லேசான பச்சைக் கறை படியும், அதுதான் பாசி. பனியாற்றருகே எடுத்த நீரென்றால் சாம்பல் நிறச் சேறு தாளை அடைத்துக்கொள்ளும், பம்பு முனகும், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தாளை அலுமினியத் தாளில் சுற்றி உறைய வைத்துவிட்டு அடுத்த பாட்டில். இதைச் சலிக்காமல் செய்கிற பிள்ளைதானா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

'இதனால் என்ன பிரயோஜனம்' என்று அவளிடம் கேட்காதீர்கள். அதைக் கேட்க ஊரே இருக்கிறது. நீங்கள் வேறு இரண்டைக் கேளுங்கள். கைடிடம் அந்த இடத்தின் பழைய கோடைகளின் அளவுகள் இருக்கின்றனவா? மோசமான வானிலையால் ஒரு கோடை வீணானாலும், கையில் இருக்கிற அளவுகளோடு ஒப்பிட்டு எழுத அவையே கைகொடுக்கும். அடுத்து, உதவித்தொகை. யுஜிசி, சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அமைப்புகள் தேர்வு வைத்துத் தரும் ஜேஆர்எஃப் என்றால் இப்போது மாதம் 37,000 ரூபாய். ப்ராஜெக்ட் பணத்தில் சேர்ந்திருந்தால், அந்த ப்ராஜெக்ட் எந்த வருடம் முடிகிறது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.