பதில்: டேப் நகலிலிருந்து டயக்னாஸ்டிக் ஏறவில்லை

தம்பி, பட்டர்வொர்த்தில் அப்பாவின் பழைய ஐ.பி.எம் 370 பெருங்கணினியின் டயக்னாஸ்டிக் (இயந்திரத்தைச் சோதிக்கும் நிரல்) டேப்பை நகல் எடுத்து, ஹெர்குலிஸில் (அந்தக் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருள்) ஐ.பி.எல் (முதல் நிரலை ஏற்றுவது) கொடுத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். நிரலைக் குறை சொல்லுமுன் நகல் எடுத்த விதத்தைப் பாருங்கள். எல்லா பிளாக்கையும் (டேப்பில் இடைவெளி விட்டு எழுதப்பட்ட தரவுத் துண்டுகள்) ஒட்டி ஒரே கோப்பாகச் சேமித்திருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான்.

ஐ.பி.எல் பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் முதல் பிளாக்கிலிருந்து 24 பைட்டை மட்டும் நினைவகத்தின் பூஜ்ஜிய முகவரியில் வைக்கும். முதல் 8 பைட், கடைசியில் எங்கே தாவ வேண்டும் என்பது. மற்ற 16 பைட்டில் இரண்டு சேனல் கட்டளைகள், அதாவது டேப் போன்ற சாதனத்துக்கு இடும் கட்டளைகள். அடுத்த பிளாக்கைப் படிக்கச் சொல்வது அவைதான். பிளாக் எங்கே முடிகிறது என்ற தகவலே போய்விட்டால் அடுத்தது எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

டேப்பைக் கோப்பாகச் சேமிக்கும் ஏ.டபிள்யூ.எஸ் வடிவம் அதற்காகத்தான். ஒவ்வொரு பிளாக்குக்கு முன்னும் 6 பைட் தலைப்பு: இந்த பிளாக்கின் நீளம், முந்தையதன் நீளம், கொடிகள். டேப் மார்க்குக்கும் (டேப்பில் ஒரு கோப்பு முடிவதைக் காட்டும் குறி) ஒரு தலைப்பு உண்டு.

இன்னொன்று, ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) இப்போதுள்ள கோப்பைத் திறந்து ஒன்பதாவது பைட்டைப் பாருங்கள். 02 என்றால் படிக்கும் கட்டளை, நல்ல அறிகுறி. தொடக்கத்திலேயே எப்சிடிக்கில் (ஐ.பி.எம் எழுத்துக் குறியீடு) 'வி, ஓ, எல், 1' இருந்தால் அது டேப்பை அடையாளம் காட்டும் லேபிள். அதைத் தாண்டித்தான் ஏற்ற வேண்டும்.

டேப்பை மறுபடி ஓட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் நம் பினாங்குப் புழுக்கத்தில் கிடந்த ரீல், அவசரப்படாதீர்கள். ஒட்டுகிற மாதிரி இருந்தால் உடனே நிறுத்துங்கள், தரவு பதிந்திருக்கும் ஆக்சைடு பூச்சு உரிந்துவிடும். அப்புறம், ரீலின் பின்புற ரிங்கைக் கழற்றிவிட்டீர்களா? அது இருந்தால் டிரைவ் மேலெழுத முடியும்.