பொய் சொல்லாத சாட்சியும் தவறான ஆளைக் காட்டலாம்

கேள்வி: சம்பவத்தை நேரில் பார்த்தவர் உறுதியாக அடையாளம் காட்டுகிறார். குற்றம் சாட்டப்பட்டவரோடு அவருக்கு முன்பகையும் இல்லை. பிறகு எதற்காக அவர் சொல்வதைச் சந்தேகிக்க வேண்டும்?

நானும் ஒருமுறை அப்படி உறுதியாகச் சொன்னவன்தான். சில வருடங்களுக்கு முன், பக்கத்து வீட்டு அக்காவின் சங்கிலியை பைக்கில் வந்த இருவர் அறுத்துக்கொண்டு போனார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஒரு கணம் திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்தேன். மறுநாள் காவல் நிலையத்தில் ஒருவர் தம் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இவன்தானே?" என்று கேட்டார். ஒரே ஒரு படம். "ஆமாம்" என்றேன். மூன்று வாரம் கழித்து, சங்கிலி வேறு இருவரிடமிருந்து மீட்கப்பட்டது. நான் ஆமாம் சொன்ன இளைஞர் அன்றைக்குத் திருப்பூரில் வேலையில் இருந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. மனமறிந்து ஒரு வார்த்தை பொய் சொல்லவும் இல்லை. அதனால்தான் அந்தத் தவறு என்னைத் தூங்கவிடவில்லை. இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

படித்தவற்றில் என் மனதை விட்டு அகலாத வழக்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது. 1984 ஜூலையில், பர்லிங்டன் நகரில் ஜெனிபர் தாம்ப்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் ஒருவன் புகுந்து அவரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கினான். அந்த நேரத்திலும் அவர் அவன் முகத்தைக் கூர்ந்து கவனித்துக்கொண்டே இருந்தார். உயிர் பிழைத்தால் இவனைச் சிறைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்ற வைராக்கியம். இதைவிடக் கவனமான சாட்சி எங்கே கிடைப்பார்?

காவல்துறை ஆறு புகைப்படங்களைக் காட்டியது. பல நிமிடங்கள் பார்த்துவிட்டு, ரொனால்ட் காட்டன் என்பவரின் படத்தை எடுத்தார். பிறகு ஆட்களை நேரில் நிறுத்தினார்கள். அங்கும் இருவருக்கு இடையே தயங்கிய பிறகே காட்டனைக் காட்டினார். புகைப்படங்களிலும் நேரில் நின்ற வரிசையிலும், இரண்டிலுமே இருந்தவர் காட்டன் ஒருவர்தான். அவர் முகம் பழகியதாகத் தோன்றியதற்கு, படத்தில் ஏற்கெனவே பார்த்திருந்ததே போதும். தேர்வு முடிந்ததும் விசாரணை அதிகாரி, நீங்கள் படத்தில் காட்டியதும் இதே ஆள்தான் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தோடு தயக்கம் கரைந்துபோனது. 1985 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஜெனிபர் துளி சந்தேகமில்லாமல் காட்டனை நோக்கிக் கை நீட்டினார். காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

1987இல் மறுவிசாரணை. உண்மைக் குற்றவாளியான பாபி பூலை நீதிமன்றத்துக்கே அழைத்து வந்து காட்டினார்கள். இவரை நான் பார்த்ததே இல்லை என்றார் ஜெனிபர். 1995இல் டிஎன்ஏ பரிசோதனை பூலைக் காட்டிக்கொடுத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டு காட்டன் வெளியே வந்தார். அதன் பிறகும் சில காலம், நடந்ததை நினைக்கும்போதெல்லாம் தமக்குக் காட்டனின் முகமே தெரிந்ததாக ஜெனிபர் சொல்லியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான். அந்த பைக்கை நினைத்தால், பின்னால் உட்கார்ந்திருப்பது செல்போனில் பார்த்த முகம்தான். அசல் முகம் போன இடம் தெரியவில்லை.

அதிகாரி சொன்னது போன்ற பாராட்டு என்ன செய்யும் என்பதை கேரி வெல்ஸ், ஏமி பிராட்ஃபீல்டு என்ற உளவியலாளர்கள் 1998இல் சோதித்தார்கள். ஒரு காட்சிப்பதிவைக் காட்டிவிட்டு, அதில் வந்த குற்றவாளியே இல்லாத படத்தொகுப்பிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அத்தனை பேரும் தவறாகத்தான் காட்டினார்கள். அவர்களில் "சரியாகச் சொன்னீர்கள்" என்று கேட்டவர்களுக்கு உறுதி கூடியது. குற்றவாளியை நன்றாகப் பார்த்தேன், நிறையக் கவனித்தேன் என்றுகூடச் சொன்னார்கள். பார்த்தபோது எவ்வளவு தெரிந்தது என்ற நினைவையே பிற்பாடு கேட்ட ஒரு சொல் மாற்றிவிடுகிறது. கேள்வியில் உள்ள வினைச்சொல்லுக்கும் இந்த வலிமை உண்டு. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் நடத்திய சோதனையில், கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டுக் கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்களைவிட, "மோதி நொறுங்கியபோது" என்ற பொருளில் கேட்கப்பட்டவர்களில் கூடுதலானோர், காட்சியில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள்.

இதனால் நேரில் பார்த்தவர் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் தூண்டாமல், முறையாக நடக்கும் முதல் அடையாளத்தில் சாட்சி எவ்வளவு உறுதியாக இருந்தார் என்பது மிகவும் பெறுமதியான தகவல். மாதங்கள் கழித்து, கூண்டில் ஏறிச் சொல்லும் உறுதியைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். வட கரோலினா 2007இல் இதற்குச் சட்டமே கொண்டுவந்தது: சந்தேக நபர் யாரென்று தெரியாத அலுவலர்தான் அடையாளத் தேர்வை நடத்த வேண்டும்; சாட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதை அவருடைய சொந்த வார்த்தைகளிலேயே அப்போதே பதிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கிறது. அதற்கு முன்பே சந்தேக நபரையோ அவர் படத்தையோ சாட்சிக்குக் காட்டியிருந்தால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. என்னிடம் நீட்டப்பட்ட செல்போனை இன்று நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. சங்கிலி கிடைக்காமலே போயிருந்தால், நானும் கூண்டில் ஏறி அந்த இளைஞரைத்தான் காட்டியிருப்பேன், கை நடுங்காமல்.